நிலவறையில் ஆயுத பூசை

நிலவறையில் ஓர் இயந்திரம் சுற்றுகிறது. அதற்குள் சுட்டு முடித்த துப்பாக்கி ரவைகளின் வெற்றுக் கோதுகள் நொறுக்கிய வால்நட் ஓட்டுத் தூளில் புரண்டு தங்களைத் தாங்களே துலக்கிக்கொள்கின்றன. சரசர, சரசர. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் மழை என்று மேல்மாடிக்காரி நினைத்துக்கொள்வாள். எனக்கு அது பத்து வயதில் எங்கள் ஊர் ஒழுங்கை. உலங்குவானூர்தி வானிலிருந்து சுட்டுவிட்டுப் போன பிறகு மண்ணில் கிடந்த கோதுகளைச் சட்டையில் அள்ளிக்கொண்டு ஓடிய சத்தம். அன்று அக்கா என் கன்னத்தில் அறைந்து, ஒவ்வொன்றாக வேலிக்கு வெளியே வீசினாள்.

இன்று சுடுதிடலில் என் துவக்கு துப்பும் கோதுகளைக் குனிந்து நானே பொறுக்குகிறேன். ஒன்றையும் விடுவதில்லை.

நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு காகிதம், அதில் ஒரு கறுப்பு வட்டம். அதைத் தவிர நான் எதையும் சுட்டதில்லை. கடை ரவைகள் என் துவக்குக்கு ஒத்துவரவில்லை. ஓட்டைகள் கோழி கிண்டியதுபோலச் சிதறின. பழைய கோதுகளில் வெடிமருந்து அடைத்து வீட்டிலேயே ரவை செய்கிறவர்களின் காகிதத்தில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அதனால் வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், அனுமதி கேட்டேன். அனுமதி தரும் கந்தோரில் சொன்ன காரணம் இது. பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. புதுவருட வாணவேடிக்கைக்கு இன்றும் என்னை மேசைக்குக் கீழே தள்ளும் அந்தப் பொருளை மேசைக்கு மேலே வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். பித்தளை. ஈயம். கொஞ்சம் வெடிமருந்து. இவ்வளவுதானா நீ?

என்னைக் கைபிடித்து இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவள் அக்கா. வெள்ளிதோறும் என் வீட்டில்தான் சாப்பிடுவாள். அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அகதி அன்ராக் படிவம் எழுதேக்கை என்னடி சொன்னனாங்கள்? வெடிச்சத்தத்துக்குப் பயந்து வந்தனாங்கள் எண்டு. இப்ப வெடி செய்ய அன்ராக் போட்டிருக்கிறாய்."

"அது நீங்கள் எழுதினது அக்கா. இது நான் எழுதினது."

"நீ உதைத் தொடங்கினால் இந்த வாசல்படி மிதிக்கமாட்டன்."

நான் தொடங்கிய நாள் ஆயுத பூசை. என்னைத் தடுக்கவென்றே அவல் சட்டியோடு வந்தவள், நிலவறைவரை பின்னாலேயே இறங்கினாள். புதுக் கருவி, நல்ல நாள். கை தன்பாட்டில் போனது. கோதை அளவுக்கு அமுக்கும் இரும்பு பிரெஸ்ஸுக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், அதன் கைபிடியில் ஒரு செவ்வந்தி செருகினேன். சரஸ்வதிக்கு முன்னால் புத்தகத்தை விரித்து வைப்பதுபோல மருந்து டப்பாவையும் திறந்து வைத்தேன். பிறகு கற்பூரம் ஏற்றினேன்.

மருந்து இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. வகுப்பில் முதல் வசனமே அதுதான்.

அக்கா ஒரே எட்டில் வந்து உள்ளங்கையால் சுடரை அமத்தினாள். டப்பாவை மூடி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"கண்டியோ? பூசைக் கற்பூரம் அணைஞ்சு போச்சு. உனக்கு ஏலாது எண்டு சாமியே சொல்லுது. எல்லாத்தையும் திருப்பிக் குடு."

"அணைச்சது சாமியில்லை, நீங்கள். சரியாத்தான் அணைச்சனீங்கள். பிழை என்ரை." தட்டையும் நெருப்புப் பெட்டியையும் அவள் கையில் கொடுத்தேன். "இதுகளை மேலை கொண்டுபோங்கோ. இனி இஞ்சை நெருப்பு வராது. ஆனால் நான் நிப்பாட்டமாட்டன்."

"விசரி."

"ஓம்."

அவள் படியேறும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு வெற்றுக் கோதை வைத்துக் கைபிடியை இழுத்தேன். இரும்பு முனகியது. சுட்டதில் வீங்கியிருந்த பித்தளை ஒடுங்கி, தன் அளவுக்குத் திரும்பி வெளியே வந்தது. இன்னொன்று. இன்னொன்று. பிழை விட்டேன் என்பதற்காகப் பயத்தைத் திரும்ப எஜமானாக்க நான் ஆயத்தமில்லை.

மேலே போனபோது அக்கா குழாயடியில் உள்ளங்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். சுட்ட இடத்தில் களிம்பு பூச விடவில்லை. கோட்டைப் போட்டாள், சப்பாத்தைப் போட்டாள், வாசல்படியில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை சமைக்காதை. நான் வரேல்லை."

"சமைப்பன். வாறதும் விடுறதும் உங்கடை விருப்பம்."

"ஞாயிறு கோயிலுக்காவது வருவியோ?"

"திடலிலை சுட்டுப்போட்டு வருவன்."

"தலை தோய்ஞ்சுபோட்டு வா."