மெகல்லனைக் கூப்பிடாத காலை

பிளாரன்ஸின் மகனுக்கு மெகல்லன் என்று பெயர் வைத்தது அவள் புருஷன் வளன். தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோய் வந்தவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும், உலகத்தைச் சுற்றிய மெகல்லனை அவன் விடவில்லை.

“பெர்டினாண்ட் மெகல்லன்னா யாருன்னு நெனச்ச? பெர்டினாண்டுன்னா பர்னாந்து. நம்ம ஆளுதாம்ளா” என்பான். போர்ச்சுக்கல்காரர்கள் விட்டுப்போன பர்னாந்து என்ற பெயர் வீட்டுக்கு வீடு இருக்கும் தூத்துக்குடியில், அவர்களோடு சொந்தம் கொண்டாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஞானஸ்நானத்தில் சாமியார் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துவிட்டார். அதைச் சொல்லி வீட்டில் ஒருவரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

பிளாரன்ஸுக்கு அந்தப் பெயரில் பிடித்தது ஒன்றுதான். எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்தவனின் பெயர் அது. வளன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, பேக்கரியில் மக்ரூன் பொட்டலம் போட்டு இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். மகனும் தோணிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, அந்தப் பெயரை நம்பித்தான் தலையாட்டினாள். சிரிக்க வேண்டாம். நாமெல்லாம் எதையோ நம்பித்தானே பிள்ளைகளை வெளியே அனுப்புகிறோம்.

தோணிக்குப் புறப்பட்ட அன்று காலை மகன் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான். உள்ளே மகள் ஜெஸ்லின் அரசுத் தேர்வுக்கு உலக வரலாற்றைச் சத்தமாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள். நெப்போலியனும் பிரெஞ்சுப் புரட்சியும் காதில் விழ, பிளாரன்ஸ் தன் பாட்டுக்குத் தேங்காய் துருவினாள். பிறகு, “மெகல்லன் பிலிப்பைன்ஸ் தீவில் கொல்லப்பட்டார்” என்று கேட்டது.

“என்னளா படிக்க?”

“வழியிலேயே செத்துட்டாராம்மா. மிச்சத்த மத்தவங்கதான் சுத்துனாங்க. கப்பல் மட்டும் ஊருக்குத் திரும்பியிருக்கு.”

“திரும்பி வந்தாருன்னுதான ஒங்கப்பா சொன்னாவ!”

துருவிய கையோடு வாசலுக்கு ஓடினாள். மகன் தெருமுனைக்குப் போய்க்கொண்டிருந்தான். பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே! அதுவும் கடலுக்குப் போகிறவனை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

“போன்லயாவது கூப்பிடேன்” என்றாள் ஜெஸ்லின்.

“போன்ல கூப்பிட்டாலும் பொறத்தால இருந்து கூப்பிடுததுதாம்ளா.”

அவன் முனையில் திரும்பி மறைந்தான். யார் கட்டிவைத்த வழக்கமோ, நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தோணி திரும்பி வந்தது. அதை ஓட்டிப்போன தண்டல் கிருபை நேராக வீட்டுக்கு வந்து, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றார்.

“சரக்கு சரிஞ்சிட்டுக்கா. கட்டப் போனான். ஒரு அலைதான். ரெண்டு நாளு அங்கனயே சுத்திச் சுத்தித் தேடுனோம்.”

“தோணிக்கு ஒண்ணுமில்லயே?” என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

உடல் கிடைக்கவில்லை. கோயிலில் பூசை வைத்து, வெறும் பெட்டியில் அவனுடைய நீலச் சட்டையை மடித்து வைத்தார்கள். பிளாரன்ஸ் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லாகிவிட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கிருபையும் தோணிக்காரர்களும் பெட்டியைத் தோளில் ஏற்றி, கோயில் படியிறங்கி நடந்தார்கள்.

அப்போதுதான் அவள் குரல் உடைந்து வந்தது.

“ஏலே மெகல்லா! போகாதலே! நில்லுலே!”

தூக்கிப்போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அன்றைக்கே கூப்பிட்டிருந்தால், அவனும் இப்படித்தான் நின்றிருப்பான்.