முப்பிடாதி வாய் திறக்காத வெள்ளிக்கிழமை

சைக்கிள் வாங்க வருகிறவர்கள் முதலில் சீட்டைத்தான் அமுக்குவார்கள். பத்தொன்பது வருடமாக முப்பிடாதி இதைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். உள்ளங்கையை விரித்து வைத்து இரண்டு அமுக்கு. அமுக்கிவிட்டுக் கூட வந்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஸ்பிரிங் கீழே போய் மேலே வந்தால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். தனியாக வந்தவர்கள் அமுக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பார்கள். கையால் அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆள் கனத்தோடு கல்லிலும் பள்ளத்திலும் இறங்கும்போதுதான் ஒரு ஸ்பிரிங்கின் குணம் வெளியே வரும். இது முப்பிடாதிக்குத் தெரியும். அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளாகச் சொன்னதும் இல்லை.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கிறது சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் சைக்கிள் கடை. முப்பிடாதிக்கு அங்கே இன்ன வேலை என்று கிடையாது. காலையில் கூட்டித் தண்ணீர் தெளிப்பது, சைக்கிள்களை வெளியே வரிசையாக நிறுத்தித் துடைப்பது, பில் புத்தகத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதுவது, மெக்கானிக் கருத்தப்பாண்டி கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது. எட்டாம் வகுப்புப் பாதியில் அக்காளின் பேறுகாலத்துக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். பிள்ளை பிறந்தது, வளர்ந்தது, அதற்கும் கல்யாணம் ஆகிவிட்டது. முப்பிடாதி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. தம்பி வீட்டில் பின்னறையில் இருக்கிறாள். மாதச் சம்பளம் வருவதால் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு தட்டும் ஒரு பாயும் முகம் சுளிக்காமல் கிடைக்கின்றன. அந்தச் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்காமலே தெரியும்.

பேச வராது அவளுக்கு. யாராவது நேராகப் பார்த்தால் பக்கத்திலிருக்கும் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். “பித்தள வெளக்கத் தொடச்சா சாமியாவது கும்பிடலாம், இந்த இரும்ப எதுக்குட்டி இந்தத் தொட தொடைக்க?” என்று கருத்தப்பாண்டி கிண்டல் செய்வான். ஆனால் அவள் கண் எங்கும் போகும். எந்தச் சைக்கிள் எத்தனை நாளில் திரும்பி வருகிறது, எது எந்த இடத்தில் சத்தம் போடுகிறது என்பதெல்லாம் மனதில் இருக்கும்.

நாலு வருடத்துக்கு முன் டபுள் ஷாக் சைக்கிள்கள் கடைக்கு வந்தன. முன்னால் ஒரு ஷாக் அப்சர்பர், சீட்டுக்குக் கீழே சிவப்பு ஸ்பிரிங்கோடு இன்னொன்று. பார்வைக்கு ராஜா மாதிரி நிற்கும். தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். பெடலை மிதித்தால் மிதியில் பாதியை ஸ்பிரிங் தின்றுவிடும். ஆள் குதிரைமேல் போவது போல மேலும் கீழும் ஆடிக்கொண்டு போவான். மார்க்கெட்டுக்கும் ட்யூஷனுக்கும் போகிறவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் சட்டத்தோடு சேருகிற இடத்தில் ஒரே ஒரு போல்ட்டும், அதைச் சுற்றிப் புஷ் என்கிற பிளாஸ்டிக் வளையமும்தான். அந்த இடம் ஆடிப்போய் வந்த சைக்கிள்கள் ஏழு. முப்பிடாதி எண்ணி வைத்திருந்தாள்.

சட்டத்தின் அடியில், பெடல் சுழலும் இடத்துக்குப் பக்கத்தில், நகத்தளவு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. துடைக்கக் குனிகிறவள் கண்ணுக்கு மட்டும் படுகிற இடம். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. ஒருநாள் கடையில் யாரும் இல்லாத மதிய நேரம், போனில் மொழிபெயர்க்கிறதைத் திறந்து அந்த எழுத்துக்கு நேராகப் பிடித்தாள். போன் தமிழில் காட்டியது: சாதாரண சாலைக்கு மட்டும், கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது. அவள் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு துடைக்கப் போய்விட்டாள்.

முன்னும் பின்னும் நிஜமாகவே அதிர்ச்சி தாங்குகிற ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளையும் அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். ராஜபாளையத்திலிருந்து மலையடிவாரப் பாதைகளில் ஓட்டுகிற ஃபாரூக் என்ற ஆள் பஞ்சர் போட வந்திருந்தார். பின்னால் ஸ்பிரிங் இல்லை. காற்றும் எண்ணெயும் அடைத்த குழாய்.

“அண்ணே, எறங்குனது பைய ஏறணும். அதுக்குத்தான் உள்ள எண்ண. வெறும் ஸ்பிரிங்குன்னா கவண்கல்லு மாதிரி ஆளத் தூக்கி எறிஞ்சிரும்” என்று அவர் கருத்தப்பாண்டியிடம் சொன்னார்.

“வெல என்ன?”

“புதுசு லட்சத்துக்கு மேல. நான் கோயம்புத்தூர்ல ஒருத்தர் ஓட்டுனத வாங்குனேன். அவ்வளவு முடியலன்னா பின்னால ஷாக்கே வேண்டாம். முன்னால மட்டும் நல்லதாப் போட்டு, டயர அகலமா வச்சு, காத்தக் கொறச்சு ஓட்டலாம். அரைகுறை டபுள் ஷாக்குக்கு அது எவ்வளவோ தேவல.”

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் முப்பிடாதி அந்தச் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். வந்துவிட்டது.

ராஜதுரை முதலில் வந்தது ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம், ஒரு பிற்பகல். முப்பத்தெட்டு வயது இருக்கும். வாசுதேவநல்லூரில் வயல் வைத்திருந்த குடும்பம். இவர் சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக் கரைகளிலும் மலையடிவாரத்து வண்டித்தடங்களிலும் சைக்கிள் ஓட்டுகிறவர். முதுகில் டிஸ்க் விலகியிருந்தது. குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“சைக்கிள விட்ருன்னுதான் சொன்னாரு. அத விட்டா எனக்கு வேற ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. வாரம் பூரா பேப்பருக்குள்ள கெடக்கேன். பின்னாலயும் ஷாக் இருந்தா முதுகுக்கு அடி வராதுல்லா?”

“வரவே வராது. தொட்டில்ல ஆடுத மாதிரி இருக்கும்” என்றார் அண்ணாச்சி. பொய் சொல்லவில்லை அவர். கம்பெனி ஆள் சொன்னதை நம்பினார்; குனிந்து அடியில் பார்க்கிற வயதும் இல்லை.

ராஜதுரை சீட்டை அமுக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தார். அண்ணாச்சி போன் பேசத் திரும்பியதும் முப்பிடாதியிடம் வந்தார்.

“யக்கா, நீங்கதான் தெனமும் இதப் பாக்குதிய. மலப்பாதைக்கு இது தாங்குமா? நெசத்தச் சொல்லுங்க.”

பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. கை தானாக ஹேண்டில்பாருக்குப் போனது. தொண்டைவரைக்கும் வார்த்தை வந்தது. அதற்குள் அண்ணாச்சி, “ஏ முப்பிடாதி, சாருக்கு டீ சொல்லு” என்று கூப்பிட்டார். அவள் டீ வாங்கி வருவதற்குள் ராஜதுரை, “யோசிச்சிட்டு வாரேன்” என்று கிளம்பிவிட்டார்.

அவர் திரும்பி வரும்வரை ஒன்பது நாளும் முப்பிடாதி ஒரே பேச்சைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ‘அண்ணே, இது ரோட்டுக்கு உள்ளது. மலைக்குக் கொண்டுபோகாதிய. உங்க பழைய சைக்கிள்லயே முன்னால நல்ல ஷாக் மாத்துங்க, டயர அகலமாப் போடுங்க. முதுகு ஆறுத வரைக்கும் வண்டித்தடத்துக்குப் போவாதிய.’ அவ்வளவுதான். நாலே வரி. பாத்திரம் கழுவும்போது சொன்னாள். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது உதடு அசையச் சொன்னாள். அவர் எந்த நேரத்தில் வருவார், அண்ணாச்சி எங்கே நிற்பார் என்றெல்லாம் கணக்குப் போட்டாள். பிற்பகலில்தான் வருவார் என்று நினைத்திருந்தாள்.

அவர் வந்தது வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு.

கல்லாப்பெட்டிக்கு அப்போதுதான் சூடம் காட்டியிருந்தார்கள். போணி ஆகவில்லை. முதல் போணிக்கு அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. ‘இல்லை’ என்கிற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. கேட்ட டியூப் கடையில் தீர்ந்திருந்தாலும் ‘வந்துரும்’ என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முப்பிடாதி ஒரு காலையில் ‘வால்வு இல்ல’ என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு இருட்டும்வரை ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அண்ணாச்சி திட்டவில்லை; மறுநாள் காலையில் அவளைப் பார்த்து, “நீ கொஞ்சம் பெறகு வா” என்று மட்டும் சொன்னார். அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை மணி நேரம் நின்றாள். அதற்குப் பிறகு அவள் போணிக்கு முன்னால் வாயே திறப்பதில்லை.

“வாங்க வாங்க, மகாலட்சுமி மாதிரி வாறிய! வெள்ளிக்கிழமையும் அதுவுமா” என்று அண்ணாச்சி எழுந்து நின்றார். கருத்தப்பாண்டி சிவப்பு ஸ்பிரிங் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் கொண்டுவந்தான்.

ராஜதுரை பையிலிருந்து பணத்தை எடுத்தார். கொடுப்பதற்கு முன் முப்பிடாதியைத் திரும்பிப் பார்த்தார்.

“அன்னைக்குக் கேட்டேன், நீங்க பதிலே சொல்லலயே யக்கா. தாங்கும்லா?”

அண்ணாச்சி பார்த்தார். கருத்தப்பாண்டி பார்த்தான். சூடத்தின் புகை இன்னும் அடங்கவில்லை. நாலு வரியில் எதைச் சொன்னாலும் அதன் பொருள் ‘இல்லை’ என்பதுதான்.

“நல்லாருக்கும்” என்றாள் முப்பிடாதி.

“அக்காவே சொல்லிட்டாங்க. பெறகென்ன?” ராஜதுரை சிரித்துக்கொண்டே பணத்தை நீட்டினார். அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பில்லில் பெயரும் நம்பரும் எழுதினவள் முப்பிடாதிதான். எழுதும்போது அவர், “ஞாயித்துக்கெழம மலையடிவாரத்துக்கு ஒரு ரவுண்டு போறேன்” என்று கருத்தப்பாண்டியிடம் சொல்வது காதில் விழுந்தது. போணி முடிந்துவிட்டது, இனிச் சொல்லலாம் என்று அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் ரோட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை மதியம் பில் புத்தகத்தைப் பார்த்து நம்பரை அடித்தாள்.

“ஹலோ, யாரு பேசுதது? ஹலோ?”

அவள் கட் செய்துவிட்டாள். உடனே அந்த நம்பரிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். கையில் துடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது அடங்கியது. எத்தனையோ பேர் வாங்கிப் போகிறார்கள், எல்லாருக்குமா உடைகிறது என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். சாயங்காலம் தம்பி வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கு இறங்குகிற சரிவில் அந்த ஒற்றை போல்ட் முறிந்தது. முறிவதற்கு முன் ஒரு கல்லில் ஏறி இறங்கிய பின்சக்கரம் அவரைத் தூக்கிப் போட்டதாம். கல்லின் மேல் உட்கார்ந்தபடி விழுந்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து லோடு ஆட்டோவில் சைக்கிள் வந்தது. பின்னாலேயே இன்னோர் ஆட்டோவில் ராஜதுரையும் அவர் மனைவி நிர்மலாதேவியும் வந்தார்கள். அவர் இடுப்பில் பெல்ட். இறங்குவதற்கே அவ்வளவு நேரம் ஆனது. நாற்காலி போட்டார்கள், உட்கார முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, இத மலைக்குன்னு சொல்லித்தான கேட்டாக? தொட்டிலு தொட்டிலுன்னு சொல்லி வித்தியளாமே. இந்தா, ஆட்டி வச்சிருக்கிய பாருங்க எங்க வாழ்க்கைய” என்றாள் நிர்மலாதேவி.

அண்ணாச்சி கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்கள் சொன்னபடி கருத்தப்பாண்டி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தேடினான்.

“ஆமா, இங்கன ஒட்டியிருக்கு. மலைக்கு ஓட்டக் கூடாதாம். ஓட்டுனா வாரண்டி கெடையாதாம்.”

“பாத்தியளா! எழுதியே போட்டிருக்கான். நாம என்ன செய்ய முடியும்?” அண்ணாச்சியின் குரலில் ஒரு பெருமூச்சு இருந்தது.

ராஜதுரை ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. குனிய முடியாது அவரால். அவர் முப்பிடாதியைப் பார்த்தார். கோபமாக இல்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“யக்கா, இது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும் என்று எல்லாரும் விட்டிருப்பார்கள். அவள் கை எந்தச் சைக்கிளுக்கும் போகவில்லை.

“தெரியும்” என்றாள்.

“எப்பத்துலேர்ந்து?”

“நீங்க வாங்கதுக்கு முன்னாலயே.”

நிர்மலாதேவிதான் முதலில் பேசினாள். “தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லாருக்கும்னு சொன்ன? ஒனக்கு நாங்க என்னட்டி செஞ்சோம்?” அழுகையில் அவளுக்கு மேலே வார்த்தை வரவில்லை. முப்பிடாதிக்குப் போணியைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் அது காரணம் மாதிரி இருக்காது என்று தோன்றியது.

“வா, போவோம்” என்றார் ராஜதுரை மனைவியிடம். அவர் தன்னிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று முப்பிடாதி பிறகு பல நாள் நினைத்தாள்.

அவர்கள் போனதும் அண்ணாச்சி கல்லாவில் போய் உட்கார்ந்தார். பிறகு, “பத்தொம்பது வருசம் வாயத் தொறக்காம இருந்த. தொறந்ததுதான் தொறந்த, அந்த மனுசன் வாங்குததுக்கு முன்னால தொறந்திருக்கக் கூடாதா? இல்ல, இன்னைக்காவது மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? ரெண்டுங்கெட்டானா வந்து நிக்கியே” என்றார். அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. முன்கடைக்கு மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முப்பிடாதி இப்போது பின்னால் தகரக் கொட்டகையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் புதுச் சைக்கிள்களுக்குச் சக்கரம் பூட்டுகிறாள். அண்ணாச்சி அவளிடம் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைக் கருத்தப்பாண்டியிடம் சொல்லி அனுப்புகிறார். ராஜதுரை வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறார். உட்கார முடியாததால், இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருகிறார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்தாலும் இனிச் சைக்கிளில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.