லிகாயா கூப்பிட்டால் நிருபர்கள் வருவார்கள்

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்றுதான் லிகாயா போனில் ஆரம்பிப்பாள். எந்த நிருபர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எவன் மனைவியோடு பேச்சை நிறுத்தியிருக்கிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அழைப்பு கடைசியில்தான் வரும், போகிற போக்கில் சொல்வதுபோல. "வியாழக்கிழமை ஒரு திறப்பு விழா தம்பி. முழுப் பன்றி வாட்டுறாங்க. தோல் மொறுமொறுன்னு இருக்கும்போதே வந்துடு."

மணிலாவில் கடை திறப்பவர்களும் ஆலை திறப்பவர்களும் அவளைத் தேடி வருவார்கள். ரிப்பனை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். அது மறுநாள் பேப்பரில் வர லிகாயா வேண்டும். ஒரு காலத்தில் அவளே போலீஸ் செய்தி எழுதிய நிருபர். பத்திரிகையை மூடிய பிறகு இந்தப் பக்கம் வந்தாள். முன்வரிசை காலியாகக் கிடந்தால் அண்ணன் மகள்களின் கழுத்தில் காமிராவை மாட்டி உட்காரவைத்துவிடுவாள். விழா முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. "பசியோட இருந்தாத்தான் எனக்குச் சிரிப்பு நல்லா வருது" என்பாள்.

நவோத்தாஸ் மீன் துறைமுகத்தருகே குளிர்பதனக் கிடங்கு திறந்த அன்றும் வாசலில் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். விருந்தினர் வரத் தொடங்கிய நேரம், பின்கட்டில் குளிரூட்டும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. ஒரு தொழிலாளியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவன் உதடு நீலம் பாரித்திருந்ததை அவள் பார்த்தாள். முதலாளி அவள் காதருகே குனிந்து, "இன்னைக்கு இது வேண்டாம்மா" என்றார்.

வந்த நிருபர்களில் ரெனான் மட்டும்தான் கேட்டான். அவளோடு பழைய பத்திரிகையில் வேலை பார்த்தவன். "அக்கா, ஆம்புலன்ஸ்ல போனது யாரு?"

"வெயில்ல ஒருத்தன் மயங்கிட்டான்டா. நீ போய்ச் சாப்பிடு, தோல் ஆறிடப்போகுது."

அவள் சொன்னால் அவன் மறுகேள்வி கேட்பதில்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் கத்தரிக்கோலும் கையுமாக முதலாளி. அவள் நடத்திய எந்த விழாவுக்கும் அத்தனை பெரிய படம் வந்ததே இல்லை. ஆம்புலன்ஸில் போனவன் போகும் வழியிலேயே இறந்திருந்தான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடக்கம் முடிந்த கையோடு அவன் மனைவி மரிசெல் லிகாயாவைத் தேடி வந்தாள். சண்டைக்கு வரவில்லை. கையில் மூடி போட்ட ஒரு பாத்திரம், அதன்மேல் கணவன் பெயர் எழுதிய ஒரு சீட்டு.

"அவருக்கு முன்னாடியே நெஞ்சு நோவுன்னு கம்பெனியில சொல்றாங்கம்மா. ஒரு நோவும் கிடையாது. பேப்பர்ல வரவைக்கிறது நீங்கதானாம், வாட்ச்மேன் சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் சேதியையும் வரவைங்க. வர்றவங்களுக்குச் சாப்பாடு வைக்கணுமாமே. சேமியா கிளறிக் கொண்டாந்திருக்கேன்."

லிகாயா ரெனானைக் கூப்பிட்டாள். குழந்தையை விசாரிக்கவில்லை. அம்மோனியா என்று நேரடியாகச் சொன்னாள்.

 "வெயில்னு நீங்கதானேக்கா சொன்னீங்க. அதைத்தான் நான் எடிட்டர்கிட்ட சொன்னேன். இப்ப மாத்திச் சொன்னா என் வேலை போயிடும். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்றான். வைத்துவிட்டான்.

மரிசெல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதிக்கிறாராம்மா?"

லிகாயா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"பேரைச் சரியா எழுதிக்கோ தம்பி" என்றாள், யாரும் இல்லாத அந்த போனில். "தியோடோரோ. திமா... குலாங்கான். ஆமா, கடைசியில கான்."