சந்தானத்தின் நாற்பத்தோரு இலக்கம்

சந்தானம் பேருந்துச் சீட்டைக் கசக்க மாட்டார். ஸ்ரீராம்புரத்தில் ஏறிப் பீன்யாவில் இறங்குவதற்குள் அதிலுள்ள எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்துவிட வேண்டும். எதனாலும் வகுபடாத எண் வாய்த்த நாளில் நடத்துநருக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்குவார். மற்றபடி அவர் ஒரு பம்பு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். வாஷர் கேட்டவர்களுக்கு வாஷர் கொடுத்தார்.

தொண்ணூற்றெட்டில் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. பழையதை ஸ்டோர்ஸுக்குத் தள்ளினார்கள். சந்தானம் தானே ஒரு நிரல் எழுதி, மனம் போனபடி நாற்பத்தோரு இலக்க எண் ஒன்றை அடித்தார். கடைசி இலக்கத்தை மட்டும் யோசித்து ஏழு என்று வைத்தார். தன் எண் இரண்டாலோ ஐந்தாலோ வகுபடுவது அவருக்குக் கேவலம். கணினி மூன்றில் தொடங்கி, ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தபடி நிற்காமல் ஓடியது. அணைத்தால் மறுபடி மூன்றிலிருந்துதான். விட்ட இடத்தை நினைவில் வைக்கும்படி எழுத அவருக்குத் தெரியவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயுத பூஜை வந்துவிட்டது. முதலாளியின் மனைவி லட்சுமம்மா குங்குமத் தட்டோடு ஷெட்டைச் சுற்றி வந்தார். லேத், தராசு, முதலாளியின் கார் எல்லாம் ஓய்வில் இருந்தன. ஸ்டோர்ஸில் ஒன்று மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"சந்தானம், இது ஏன் ஓடுது? ஆஃப் பண்ணு."

"வேலை எதுவும் செய்யலைங்கம்மா. சும்மா வகுக்குது."

"வகுக்கறது கெல்சா இல்லியா, வேலை இல்லியா? நீ ஸ்கூல்ல சும்மாவா வகுத்தே?"

பின்னால் நின்ற கணக்குப் பிரிவு நோயல், "அணைச்சிடு குரு. இத்தனை மாசமா ஒண்ணும் கிடைக்கலை. அதுக்கும் அலுத்திருக்கும்" என்றார்.

லட்சுமம்மாவின் கை சுவிட்சுக்குப் போனது.

"அது ஜபம் பண்ணுதுங்கம்மா" என்றார் சந்தானம். "நம்பர் நம்பரா சொல்லிக்கிட்டே போகும். நடுவுல நிறுத்தக் கூடாது."

கை நின்றது. "எந்த சாமிக்கு?"

"முடிஞ்சாத்தான் தெரியும்."

லட்சுமம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார். விசைப்பலகையைச் சுற்றி மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினார். ஜபம் முடிந்ததும் நான்தான் வந்து அவிழ்ப்பேன், அதுவரை யாரும் தொடக் கூடாது என்றார்.

"நானுமாம்மா?"

"நீ கேண்டீன்ல ஆம்லெட் தின்னுட்டுத்தானே வர்றே?"

அதன்பிறகு வாஷர் வாங்க வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டார்கள். நோயலும் மகளின் பரீட்சையன்று வந்து கொஞ்ச நேரம் நின்றார். "நான் சர்ச்சுக்குப் போறவன். சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பரில் ஒரு காலை திரையில் புதிய வரி இருந்தது. காரணி கிடைத்தது, பார்க்க ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும். சந்தானமே எழுதிவைத்த வரி. அவர் விரலை நீட்டினார். வாசலில் செருப்பில்லாமல் நின்ற நான்கைந்து பேர் அதையே பார்த்தார்கள். விரலை மடக்கிக்கொண்டு லட்சுமம்மாவுக்குப் போன் செய்தார்.

தலைக்குக் குளித்து, பட்டுக் கட்டி, அவர் வந்து சேர மதியமாகிவிட்டது. காப்பை அவிழ்த்தார்.

"எதை அமுக்கணும்?"

"எதை வேணாலும் அமுக்குங்கம்மா."

"எதை வேணாலும்னா? ஒரு முறை வேணாமா? கிழக்கு எந்தப் பக்கம்?"

"உங்களுக்கு நேரா."

"அப்போ ஈசானிய மூலை இதுதான்."

இடக்கோடி, மேல் வரிசை. அங்கே இருந்தது எஸ்கேப். நிரலை விட்டு வெளியேறுவதற்காகச் சந்தானம் ஒதுக்கிவைத்த ஒரே விசை.

"அம்மா, அது மட்டும்..."

அழுத்திவிட்டார். திரை கறுத்தது.

"ஆயிதா? முடிஞ்சுதா?"

"ஆயிதும்மா."

எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். நோயல் தொன்னையோடு பக்கத்தில் வந்தார். "என்ன நம்பர் குரு?"

"தெரியாது. ஆனா ஒண்ணு இருக்கு. நான் அடிச்ச நம்பர் வகுபடும்."

"அதுக்கா இவ்வளவு?"

சந்தானம் கையைக் கழுவிக்கொண்டு வந்து அதே நாற்பத்தோரு இலக்கத்தை அடித்தார். கணினி மூன்றால் வகுக்கத் தொடங்கியது. காருக்குப் போய்க்கொண்டிருந்த லட்சுமம்மா முனகல் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வாட்டி சத்தமா சொல்லச் சொல்லு சந்தானம். யாருக்குன்னு எனக்கும் கேட்கட்டும்."