மேலுமலை ஏற்றத்தில் நான்கு முறை

பெங்களூரிலிருந்து காவேரிப்பட்டினத்துக்கு யாரும் சுற்றுலா போக மாட்டார்கள். அது என் மாமனார் ஊர். போன மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போனது, எங்கள் கார் ஏன் ஏற்றத்தில் இழுவையை விடுகிறது என்று கண்டுபிடிக்க. பழைய பெட்ரோல் காரில் அந்தப் பக்கம் போய்வரும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் பின்கதை. பதினொரு வயதுச் சின்ன வண்டி. மாமா என்று நான் கூப்பிடும் மாமனார் வாங்கியது. சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளை எடை போட்டே ஓய்வுபெற்றவர். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வண்டியை எங்களிடம் கொடுத்தார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மே முதல் வாரம் அவரையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் திரும்பும்போது, கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தப் போனேன். பாதியில் வண்டி குலுங்கியது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. எப்படியோ ஒதுங்கிவிட்டோம். பயத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த டப்பாவ மொதல்ல பழைய இரும்புக்கடையில போடணும்" என்று கத்தினேன். ஓசூர் வந்ததும் மாமா என் மனைவி ரேவதியிடம், "பஸ் ஸ்டாண்டுல நிறுத்தச் சொல்லு" என்றார். அத்தையோடு இறங்கி ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்.

அதோடு என்னிடம் பேச்சு நின்றது. ரேவதி வழியாக ஒரே ஒரு செய்தி வந்தது: "வித்துக்கச் சொல்லு. கையெழுத்து போட்டுத் தர்றேன்." நானும் வீம்புக்கு, பழைய கார் வாங்கும் ஒருவரிடம் பேசி, மாதக் கடைசித் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். ரேவதி சொன்னாள்: "வண்டிய வித்துட்டா அப்பா நம்ம வீட்டுப் படி ஏற மாட்டாரு. எழுதி வெச்சுக்கோ."

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன், மென்பொருள் சோதனை என் வேலை. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் நானே மாற்றினேன். எஞ்சின் விளக்கு எரியும்போதெல்லாம் ஃபோனோடு இணையும் சின்ன ஸ்கேனரைச் செருகி, பதிவான பிழையை அழித்துவிடுவேன். பிறகு ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பேன். பட்டு மாதிரி போகும். அடுத்த முறை மலையில் மறுபடி காலை வாரும்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் பெங்களூர் மர்பி டவுனில் கராஜ் வைத்திருக்கும் பிரகாஷிடம் போனேன். என் வயதுதான், பொறுமை என்னைவிடக் குறைவு.

"எங்க ஓட்டிப் பாத்தீங்கோ சார்?"

"ரிங் ரோட்டுல."

"ரிங் ரோட்டுல எங்க சார் ஓட்றது? உக்காந்துக்கினு இருக்கறது. என்னிக்கு மிஸ்ஸிங் வந்து குலுங்குச்சோ, அதே ஏத்தம், அதே லோடு, ஏசியும் ஆன்ல இருக்கணும். அன்னிக்கு வண்டில யார் யார் இருந்தாங்கோ?"

சொன்னேன்.

"அவங்க எல்லாரையும் கூப்பிடுங்கோ."

"வேற யாராச்சும் உக்காந்தா ஆகாதா?"

"சார், நீங்க டெஸ்டிங்தான பண்றீங்கோ?"

ஆபீஸில் நான் மற்றவர்களைக் கேட்கும் கேள்வி. வீட்டுக்கு வந்து ரேவதியிடம் சொன்னேன்.

ரேவதி அப்பாவைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அன்றைக்கு இருந்த அதே எடை வேண்டும் என்று விளக்கினாள். மாமா, "எடைக்குத்தான் கூப்பிடறாரான்னு கேளு" என்றார்.

"ஆமா மாமா" என்று நானே சொன்னேன். பொய் எனக்கு வராது.

"எடைக்கு வர்றேன்னு சொல்லு."

ஞாயிறு காலை 6.10க்கு நானும் ரேவதியும் பிரகாஷும் மர்பி டவுனிலிருந்து கிளம்பினோம். 7.05க்கு அத்திபெலே சுங்கச்சாவடி, 8.40க்குக் காவேரிப்பட்டினம். மொத்தம் 104 கிலோமீட்டர், ஒரு குலுக்கல்கூட இல்லை. போகும்போது பாதை இறக்கம் என்பதால் எஞ்சினுக்கு வேலையே கிடையாது. பிரகாஷ் சூளகிரி வரை தூங்கினார். மாமியார் வீட்டில் ஒன்பது இட்லி சாப்பிட்டார்.

மாமா வாசலில் எடைக்கருவியோடு நின்றார். "அன்னிக்கு டிக்கியில அறுபத்தெட்டு கிலோ. மெக்கானிக் தம்பி, நீ எவ்ளோ?" பிரகாஷ் ஏறி நின்றார். எழுபத்தொன்று. "அப்ப சாமான் ஒண்ணும் ஏத்தக் கூடாது" என்று தீர்ப்பு வந்தது. "மாம்பழம் இல்லாம பொண்ண எப்பிடி அனுப்பறது?" என்று அத்தை சண்டை போட்டார். தோற்றவர் மாதிரி உள்ளே போய், ஐந்து கிலோ செந்தூராவைக் காலடியில் மறைத்துக்கொண்டு ஏறினார்.

10.30க்குத் திரும்பினோம். 11.10க்கு மேலுமலை. மூன்றாவது கியர், ஏசி ஆன், முழு மிதி. பாதி ஏற்றத்தில் அதே குலுக்கல், அதே செத்த இழுவை. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மிதியைத் தளர்த்தி மெதுவாக மேலேறி, சூளகிரி டீக்கடை ஓரம் நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் பிழையை அழிக்க விரல் ஃபோனுக்குப் போனது. பிரகாஷ் கையைத் தட்டிவிட்டார்.

"அழிக்காதீங்கோ! பாருங்கோ, எல்லாம் எழுதிக்கினு இருக்குது. ரெண்டாவது சிலிண்டர் எரியாம மிஸ்ஸிங். எஞ்சின் லோடு தொண்ணூத்திரெண்டு பர்சென்ட், ஆர்பிஎம் மூவாயிரத்து நூறு. இதுக்கு முன்னாடி எத்தன தடவ அழிச்சீங்கோ?"

"நாலு… அஞ்சு."

"அஞ்சு தடவையும் வண்டி வாயத் தொறந்து சொல்லிச்சு சார்."

பின் சீட்டில் மாமா மகளிடம் திரும்பினார். "வண்டி சொல்லிச்சாம்."

பிரகாஷ் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் பொறி எழுப்பும் இக்னிஷன் காயில்களை இடம் மாற்றிப் போட்டார். பிழை காயிலோடு நகர்ந்தால் குற்றவாளி காயில். நகராவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று வேறு இடம் தேட வேண்டும். அதற்கு மறுபடி கீழே இறங்கி ஏற வேண்டும். ஒரு சுற்று 18 கிலோமீட்டர். இரண்டாவது ஏற்றத்திலும் குலுக்கல் வந்தது. இந்த முறை திரையில் மூன்றாவது சிலிண்டர்.

கழற்றிய காயிலின் ரப்பர் உறையைப் பிரகாஷ் மடக்கிக் காட்டினார். முடி அளவு விரிசல், ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு. வண்டி சும்மா ஊரும்போது பொறி பிளக்கின் முனையிலேயே விழும். பாரமும் ஏற்றமும் சேர்ந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். பொறி அங்கே தாண்ட முடியாமல் விரிசல் வழியாக எஞ்சின் உடம்பில் இறங்கிவிடும். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் இந்தக் கோளாறு ஆயுசுக்கும் தெரியாது.

பிரகாஷ் தன் பையிலிருந்த புதுக் காயிலை மாட்ட, மூன்றாவது முறை ஏறினோம். அதே லாரிகள், அதே ஏசி, அதே முழு மிதி. வண்டி சீறிக்கொண்டு போனது. "மூணு சுத்து சுத்தியாச்சு, ஒரு தேங்கா ஒடச்சிரலாமா?" என்றார் அத்தை.

டீக்கடையில் பிரகாஷ் கை துடைக்க ஏதாவது கேட்டார். மாமா சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். பாதி கறையான பிறகுதான் பார்த்தேன், அவர் கையெழுத்துப் போட்ட விற்பனைப் படிவம்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "மாமா, தப்பு என்னுது. வண்டி சரியாத்தான் சொல்லியிருக்கு, நான்தான் அழிச்சு அழிச்சு விட்டேன். டப்பான்னு சொல்லியிருக்கக் கூடாது."

மாமா டீயை முடித்தார். "லாரி பக்கத்துல வந்தப்ப நானும் பயந்துட்டேன்" என்றார். பிறகு கையை நீட்டினார். "சாவியக் குடுங்க மாப்பிள்ளை. நீங்க பின்னாடி உக்காருங்க."

மறுபடி கீழே இறங்கி, நான்காவது ஏற்றம் அவர் ஓட்டியது. நான் அத்தைக்கும் ரேவதிக்கும் நடுவில், மாம்பழப் பைமேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். பெங்களூர் வரை சாவி என் கைக்கு வரவில்லை. 4.20க்கு வீடு.

போகிறவர்களுக்கு: செலவு, காயில் 2,150, பிரகாஷின் ஞாயிற்றுக்கிழமை 1,500, சுங்கம் போக வர 340, பெட்ரோல் சுமார் 1,900 ரூபாய். எஞ்சின் விளக்கு மின்னினால் மிதியைத் தளர்த்துங்கள். அப்படியே மிதித்து ஓட்டினால் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் கெட்டு, செலவு பல மடங்காகும். பதிவான பிழையைப் படம் எடுக்காமல் அழிக்காதீர்கள். காசு கொட்டிப் பாகங்களை மாற்றுவதற்கு முன் காயில்களை இடம் மாற்றிப் பாருங்கள். நகரத்தில் சரியாக ஓடுகிறது என்பது எதற்கும் ஆதாரம் இல்லை. கோளாறு வந்தபோது வண்டியில் இருந்தவர்களையும் கூட்டிப் போங்கள், அவர்கள் உங்களோடு பேசாவிட்டாலும்.

திங்கட்கிழமை வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காட்டுவதற்கும் வண்டி இல்லை. "ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுக் கொண்டாந்து விடறேன் மாப்பிள்ளை" என்று சொல்லி, விடியற்காலையே மாமா அத்தையோடு அதில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஐந்து வாரமாகிறது. நான் மெட்ரோவில் போய்வருகிறேன்.