மிச்சத்தைத் தள்ளிவிடும் வாளி

நான் எழுதிய புரோகிராம் சொன்ன முதல் பதிலே தப்பு. விருத்தாசலத்தில் மேரி அக்காவின் பீங்கான் பட்டறைக்காக எழுதியது. இருக்கிற சரக்கை வைத்து ஓர் ஆர்டரை முடிக்க முடியுமா என்று பார்த்து, முடியும் என்றால் எந்தச் சரக்கு எந்த வேலைக்குப் போகிறது என்ற நிரூபணமும் தர வேண்டும். ‘முடியும்’ என்றது. அக்கா நம்பி வாக்குக் கொடுத்தார். பாதிச் சரக்குதான் போய்ச் சேர்ந்தது.

“ஏம்ப்பா, ஒரே தொட்டி ஸ்லிப்ப பொம்மைக்கும் ஊத்தி வெளக்குக்கும் ஊத்துவியா?” என்றார்.

ஸ்லிப் என்பது மோல்டு என்னும் அச்சில் ஊற்றும் களிமண் கரைசல். சாதாரண லாஜிக்கில் ஓர் உண்மையை எத்தனை தடவையும் பயன்படுத்தலாம். களிமண் அப்படியா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதையும் ஒரே தடவைதான் செலவழிக்க விடும் லீனியர் லாஜிக்குக்கு மாறினேன்.

இப்போது தப்புப் பதில் வரவில்லை, பதிலே வரவில்லை. பொம்மைக்கு எவை, விளக்குக்கு எவை என்று முன்கூட்டியே பிரித்துப் பார்த்தது புரோகிராம். இருபது சரக்கு இருந்தால் பத்து லட்சத்துக்கு மேல் பிரிவினை. ஒவ்வொன்றாக முயன்றுகொண்டே கிடந்தது.

அன்று பாதிச் சரக்கே கிடைத்த வேப்பூர்க் கடைக்காரர், பட்டறையின் பெரிய வாடிக்கையாளர், அடுத்த ஆர்டருக்காகப் போன் செய்தார். “முடியுமா முடியாதான்னு நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க. இந்தத் தடவயும் ஏமாத்துனா வேற எடம் பாத்துக்குறேன்.”

தலை கனத்துப்போய் மோல்டு ஊற்றும் பக்கம் போனேன். அங்கே வேலை பார்க்கும் செல்வியக்கா தன் மோல்டுகளில் ஊற்றி முடித்து, வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார்.

“ஆளுக்கு எவ்ளோன்னு மொதல்லயே பிரிச்சுக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அது எப்புடி தெரியும்? மோல்டு எவ்ளோ குடிக்குதோ குடிக்கட்டும். மிச்சத்த அப்புடியே தள்ளிவுடுவேன். பத்தலன்னா அப்ப பாத்துக்கலாம்.”

ஓடிவந்து உட்கார்ந்தேன். முதல் வேலைக்கு எல்லாச் சரக்கையும் காட்டு. அது எடுத்ததுபோக மிச்சத்தை அடுத்த வேலைக்குக் கொடு. போதாவிட்டால் மட்டும் திரும்பி வந்து வேறு வழி பார். மாற்றியது சில வரிகள்தான். மூன்றரை மணிக்கு ஓடவிட்டேன். டீ ஆறுவதற்குள் நிரூபணம் வந்துவிட்டது.

மேரி அக்கா அதை நம்பவில்லை. எதுவும் இரண்டு தடவை வருகிறதா என்று வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகுதான் போனை எடுத்தார். “முடியுங்கண்ணே.” இந்த முறை முழுச் சரக்கும் போனது.

இதே உத்தியை அறிஞர்கள் எப்போதோ எழுதிவைத்திருந்தார்கள் என்று பின்னால்தான் படித்தேன். புத்தகத்தையும் புரட்ட வேண்டும், வேலை நடக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும். நான் இரண்டையும் தாமதமாகச் செய்தவன். செல்வியக்காவிடம் போய், அவர் செய்வதைத்தான் அறிஞர்களும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

“அப்புடியா? அவங்களும் மோல்டு ஊத்துனவங்களா?” என்றார்.