சத்தத்தை எண்ண முடியுமா?

இன்று பசறையில் பஸ்ஸுக்காகத் தேநீர்க்கடையில் காத்திருந்தேன். டிவியில் இந்திய நாடாளுமன்றத்தின் மேலவை ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர். "ஏன் தம்பி, எல்லாரும் கத்துறாங்க?"

"குரல் ஓட்டெடுப்பு, அக்கா. எந்தப் பக்கம் சத்தம் அதிகம்னு பார்த்து அவைத்தலைவர் முடிவு சொல்லுவாரு."

"எண்ண மாட்டாங்களா?"

"யாராவது கேட்டா எண்ணுவாங்க."

அக்கா டிவியை முறைத்தார். "தராச மறைச்சுக்கிட்டு கொழுந்து நிறுக்கிற மாதிரியில்ல இருக்கு! பின்னேரம் எங்க தொழிற்சங்கக் கூட்டம். அங்கயும் 'எல்லாருக்கும் சம்மதந்தானே'ன்னு கேட்டுட்டு, கைதட்டி முடிச்சிருவாங்க. இன்னைக்கு நான் எண்ணச் சொல்லப்போறேன்."

பின்மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அந்தச் சங்கத்தின் தோட்டத் தலைவர் கடைக்காரரிடம் சொன்னார்: "அத மாத்திட்டு பாட்டு போடுப்பா."

உங்கள் சங்கத்தில் எண்ணுகிறார்களா, இல்லை பாட்டுத்தானா?